இடுப்பு வரைக்கும் ஆல்பி

வெர்னா பாஸ்கோவுக்கு ஒரே அண்ணன். எழுபத்தேழு மீட்டர் நீளம், மூவாயிரம் டன் எடை. அதற்கு முன்னால் அவன் ஐந்தடி ஆறு அங்குலம்தான் இருந்தான்.

பெயர் ஆல்பி கிம்பர். போர்க்கப்பலில் கொதிகலன் அறையில் வேலை. 1943 ஜனவரியில் டிமோர் கடலில் குண்டு விழுந்து கப்பல் சாய்ந்தபோது, மூன்று தடவை கீழே இறங்கி மூன்று பேரை மேலே இழுத்துப் போட்டான். நாலாவது தடவை இறங்கியவன் இறங்கியவன்தான். வயது பத்தொன்பது. நாற்பத்தெட்டு வருடம் கழித்து ஆஸ்திரேலியக் கடற்படைக்கு அவன் ஞாபகம் வந்தது. புதிதாகக் கட்டுகிற நீர்மூழ்கிக்கு அவன் பெயரை வைக்கப்போவதாக, நங்கூர முத்திரை போட்ட கடிதம் ஒன்று டாஸ்மேனியாவின் வடகரையில் டோரன் பே என்ற எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. கிம்பர் குடும்பத்தில் அதைப் பிரித்துப் படிக்க வெர்னா ஒருத்திதான் மிச்சம்.

அண்ணன் வீட்டை விட்டுப் போனபோது அவளுக்கு நாலு வயது. தந்தி வந்த மறுநாள் அவள் அம்மா, மகனுடைய துணிமணி, கடிதம், புகைப்படம் எல்லாவற்றையும் செப்புக் கொப்பரையின் அடியில் திணித்து எரித்து, அந்த வெந்நீரிலேயே வீட்டுப் போர்வைகளை எல்லாம் வெளுத்துக் காயப்போட்டாள். நல்ல வெயில் அன்றைக்கு, சீக்கிரம் காய்ந்துவிட்டன. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆல்பியின் பேச்சு எழவில்லை. யாரும் தடை போடவில்லை. பல் விழுந்த இடத்தில் நாக்கு பழகிப்போவதில்லையா, அந்த மாதிரி பழகிப்போனார்கள்.

கடிதத்தின் பின்னாலேயே ஒரு பத்திரிகைக்காரன் வந்தான். வெர்னாவின் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, "உங்க அண்ணனுக்கு என்ன சாப்பாடு புடிக்கும்?" என்று கேட்டான்.

அவளுக்கு எப்படித் தெரியும்? மேசைமேல் மத்தியான சாண்ட்விச்சுக்காகத் திறந்து வைத்த பீட்ரூட் டப்பா இருந்தது.

"பீட்ரூட்," என்றாள்.

"ஏதாவது விசேஷப் பழக்கம்?"

பத்திரிகைக்காரனின் இடது பூட்ஸில் கயிறு அவிழ்ந்து கிடந்தது. "எப்பவும் இடது பூட்ஸத்தான் முதல்ல போடுவான்."

"செல்லப்பிராணி எதுவும் வளத்தாரா?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே வந்தது. "கோழி ஒண்ணு வச்சிருந்தான். சீமாட்டின்னு பேரு."

பத்திரிகைக்காரன் சந்தோஷமாகப் போனான். வெர்னா சாண்ட்விச் சாப்பிட்டாள். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

முடியவில்லை. கடற்படை அந்தப் பேட்டியைக் கத்தரித்துக் கோப்பில் வைத்தது. கோப்பில் ஏறியது வரலாறு ஆனது. கிம்பர் நீர்மூழ்கியில் வியாழக்கிழமைதோறும் பீட்ரூட். இருநூறு மீட்டர் ஆழத்தில் இருந்தாலும் பீட்ரூட்தான். ஒரு தடவை நாலு மாதம் கடலில் இருந்துவிட்டுக் கரையேறிய அறுபது பேருக்கும் சிறுநீர் ரோஜா நிறத்தில் போவதைப் பார்த்து, புதிதாய் வந்த மருத்துவர் ஒருவர் மொத்தப் பேரையும் ஆறு நாள் தனியாக அடைத்து வைத்தார். ஏழாம் நாள் வியாழக்கிழமை. பீட்ரூட் பொரியல் தட்டோடு வந்து நின்ற சமையற்காரரைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. வலது பூட்ஸை முதலில் மாட்டியவன் ஒரு வாரம் பாத்திரம் தேய்க்க வேண்டும். தீயணைப்பு ஒத்திகையில்கூட, அவசரத்தில் வலது காலை நுழைத்த ஒருத்தன் அதைக் கழற்றிவிட்டு மறுபடி இடதிலிருந்து ஆரம்பித்தான் என்றும், நிஜத் தீயாக இருந்திருந்தால் அவன் சரியான முறையில் வெந்திருப்பான் என்றும் சொல்வார்கள். டார்பிடோ அறையில் பிளாஸ்டர் கோழி ஒன்று. ஒவ்வொரு முறை முங்கும்போதும் யாராவது அதன் தலையைத் தடவி, "சீமாட்டி உத்தரவு" என்று சொன்னால்தான் கப்பல் கீழே இறங்கும். இது ராணுவ ரகசியம். டோரன் பேயில் எல்லோருக்கும் தெரியும்.

வெர்னா இதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். வெள்ளோட்டத்தில் பாட்டிலை உடைத்தது அவள்தான். அவள் கண்ணீருக்காகப் பத்துப் பதினைந்து கேமராக்கள் காத்திருந்தன. கண்ணீர் வரவில்லை. கடைசியில் தும்மல்தான் வந்தது. அதைத்தான் மறுநாள் முதல் பக்கத்தில், 'அண்ணனை எண்ணி உடைந்த தங்கை' என்று போட்டார்கள். உண்மையில் அவளுக்கு உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பஸ் நிலையத்தில் வேற்றூர் பஸ் புறப்பட்டுப் போவதைப் பார்க்கிறவள்போல நின்றிருந்தாள். பெரிய பஸ், அழகான பஸ். அவளுடைய பஸ் இல்லை.

பதின்மூன்று வருடம் இப்படிப் போயிற்று. 2004இல் ஊர் மன்றம் கிம்பர் கப்பலாட்களுக்கு ஊர்நுழைவு உரிமை கொடுத்தது. கத்தி உருவி, கொடி பிடித்து, மேளதாளத்தோடு ஊருக்குள் அணிவகுத்து வரலாம். ஆனால் ஊர் எல்லையில் போலீஸ் அதிகாரி அவர்களை நிறுத்தி, "நில்! யார் அங்கே?" என்று கேட்க வேண்டும். கப்பல் தலைவர் மன்றம் கொடுத்த உரிமைச் சுருளைக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் உள்ளே. பழைய சம்பிரதாயம், முந்நூறு வருடத்தில் யாரும் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியதில்லை.

விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் வெர்னாவுக்கு ஒரு கடிதம் வந்தது. குவீன்ஸ்லாந்திலிருந்து ஹோரி டக்வெல் என்பவர் எழுதியிருந்தார். வயது எண்பத்திரண்டு. ஆல்பியோடு அதே கப்பலில் அதே அறையில் இருந்தவர், உயிரோடு இருக்கிற கடைசி ஆள். 'விழாவுக்கு வருகிறேன். உங்களோடு ஆல்பியைப் பற்றிக் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்.'

வெர்னா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். வரப்போகிறவருக்கு நிஜ ஆல்பியைத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பீட்ரூட்டும் பூட்ஸும் கோழியும் சரிந்துவிடும். கடற்படையை ஏமாற்றியவள் என்ற பெயரோடு அதே தெருவில் ரொட்டி வாங்கப் போக வேண்டும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவர் வாயைத் திறந்தால் அவளுக்கு முதல் தடவையாக ஓர் அண்ணன் கிடைப்பான். இந்த இரண்டில் எதற்குப் பயப்படுவது, எதற்கு ஆசைப்படுவது என்று மூன்று வாரம் யோசித்தாள். யோசிக்கத்தான் முடிந்தது. பயமும் வரவில்லை, ஆசையும் வரவில்லை. ஜன்னல் துடைத்தாள்.

விழா நாள் காலை ஒன்பது மணிக்கு ஹோரி வந்துவிட்டார். மெலிந்த ஆள். கோட்டு முழுக்கப் பதக்கம், நடந்தால் சில்லறை குலுங்குகிற சத்தம். சமையலறையில் உட்கார்ந்து நாலு ஸ்கோன் பன் சாப்பிடும் வரை வானிலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

ஐந்தாவது ஸ்கோனுக்கு வெண்ணெய் தடவும்போது கேட்டார்: "வெர்னா, கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தித்தான் இருக்கு."

"உண்மையச் சொல்லுங்க. ஆல்பி எப்படிப்பட்ட ஆளு?"

வெர்னா கெட்டிலைக் கீழே வைத்தாள். "அத நீங்கதான சொல்லணும்?"

"நானா? தங்கச்சி நீங்களா நானா?"

"நீங்கதான அவன் கூட இருந்தீங்க!"

"பதினோரு வாரம் இருந்தேன். அவன் ராத்திரி ஷிப்டு, நான் பகல் ஷிப்டு. நான் வேலையில நின்னா அவன் தூங்குவான், நான் படுக்க வந்தா அவன் எந்திரிச்சுப் போவான். ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு பேருக்கும் சேந்தாப்ல ரெண்டு மணி நேரம் தூக்கம். அவன் தொங்கு படுக்கை எனக்கு நேர் மேல. கேன்வாஸ் கீழ தொங்கும் பாருங்க, அவன் பின்பக்கம் எம்மூக்குக்கு ஆறு அங்குலத்துல. அந்த வடிவத்த மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். ஆயிரம் பேர்ல காட்டுனாலும் அடையாளம் சொல்லுவேன்."

"மூஞ்சி?"

"மூஞ்சி மேல் பக்கம் இருந்துச்சு."

வெர்னா உட்கார்ந்தாள்.

"அறுபது வருஷமா இதான் என் பொழப்பு," என்றார் ஹோரி. "ஆல்பியோட தோழன், வாங்க ஹோரி, நாலு வார்த்தை பேசுங்க ஹோரி. நீங்க பேட்டி குடுத்தப்புறம் எனக்கு வேலை சுலபமாப் போச்சு. பீட்ரூட்ட நானே பாத்த மாதிரி சொல்லிட்டு வர்றேன். அதான் இன்னைக்கு மேடையில எதையாவது தப்பா உளறிடக் கூடாதேன்னு, உங்ககிட்ட வெவரமாக் கேட்டுக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பீட்ரூட் நான் விட்ட கதை."

ஹோரி ஸ்கோனை மென்றுகொண்டே அதைக் கேட்டார். மெல்லுவது மட்டும் கொஞ்சம் மெதுவானது. "இடது பூட்ஸ்?"

"அதுவும்."

"கோழியுமா?"

"பக்கத்து வீட்டுக் கோழி."

"அடப்பாவமே, அந்தக் கோழிய நெனச்சு நான் டவுன்ஸ்வில் விருந்துல ஒரு தடவ அழுதிருக்கேனே." ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் பளிச்சென்று இருந்தது. "நெஜமா ஒண்ணுமே ஞாபகம் இல்லியா?"

"மாடிப்படிக்கு அடியில உக்காந்திருப்பேன். படியில பூட்ஸ் எறங்கி வரும். முட்டி வரைக்கும்தான் தெரியும். அப்புறம் கதவு சாத்துற சத்தம். அவ்வளவுதான்."

ஹோரி கணக்குப் போட்டார். "உங்ககிட்ட முட்டி வரைக்கும் இருக்கு. எங்கிட்ட அதுக்கு மேல கொஞ்சம். ரெண்டு பேரும் சேந்து அவன இடுப்பு வரைக்கும் தேத்திட்டோம்."

வெர்னா சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. அண்ணனைத் தெரிந்தவர்கள் உலகத்தில் இனி யாரும் இல்லை என்பதும் தெரிந்தது. எதிர் வீட்டில் யாரோ குடிவந்த செய்தியைக் கேட்பதுபோல அதைக் கேட்டுக்கொண்டாள்.

"இன்னைக்குச் சொல்லிடலாம்னு பாக்குறேன்," என்றாள்.

"எதுக்கும்மா? அந்தப் பையங்களுக்கு இருக்கிறது அந்த ஆல்பிதான். அவனையும் புடுங்கிட்டா என்ன மிச்சம்? உங்களுக்கும் அவன் ஒருத்தன்தான். எனக்கும் பாருங்க, வருஷத்துக்கு ஆறு விருந்து. நெஞ்சத் தொட்டுச் சொல்றேன், விருந்துக்காகச் சொல்லல." நெஞ்சைத் தொட்டார். பதக்கங்கள் குலுங்கின. "கொஞ்சம் விருந்துக்காகவும்தான்."

பதினொரு மணிக்குக் கடைத்தெரு நிரம்பிவிட்டது. பாஸ் நீரிணையிலிருந்து காற்று. ரொட்டிக்கடைக்கு முன்னால் தெருவின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள்; அதுதான் அன்றைக்கு ஊர் எல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் சார்ஜெண்ட் ராய்டன் ஃபெல். எங்கள் ஊருக்கு மொத்தம் இரண்டு போலீஸ், இவர் பெரியவர். சம்பிரதாயப் புத்தகத்தை ஆறு வாரம் மனப்பாடம் செய்திருந்தார். அந்தப் பக்கம் அறுபது பேர், வெள்ளைச் சீருடை, உருவிய கத்தி, கொடி. டெவன்போர்ட் துறைமுகத்தில் கப்பலை விட்டுவிட்டு இரண்டு பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

"நில்!" என்று ராய்டன் கத்தியதில் ரொட்டிக்கடை நாய் உட்கார்ந்துவிட்டது. "யார் அங்கே?"

"கிம்பர்!" என்றார் கப்பல் தலைவர் குவேல்.

"எந்த உரிமையில் வருகிறீர்?"

"மன்றம் எமக்கு அளித்த உரிமைச் சுருளின்படி!" என்று சொல்லிவிட்டு அவர் இடது பக்கம் கை நீட்டினார். துணைத்தலைவர் வெறுங்கையோடு நின்றார்.

பிறகுதான் தெரிந்தது. சுருள் பத்திரமாகத்தான் இருக்கிறது. நீர்மூழ்கிக்காரர்களுக்கு எது கையில் கிடைத்தாலும் அதைத் திருகி இறுக்கிவிடுகிற புத்தி. கப்பல் முங்கும்போது சாயும், ஆடும், தளர்ந்த சாமான் எதுவும் இருக்கக் கூடாது. காப்பிக் குவளைக்குக்கூடக் கொக்கி. ஆறு மாதம் முன்னால் சுருள் வந்த அன்றைக்கே அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, சாப்பாட்டறைச் சுவரில் பன்னிரண்டு திருகாணி வைத்து முடுக்கி, மேலே சாம்பல் பெயின்டும் அடித்துவிட்டார்கள். அது கழற்றக்கூடிய பொருள் என்பதே அறுபது பேருக்கும் மறந்துபோயிருந்தது.

"சார்ஜெண்ட்," என்று தணிந்த குரலில் சொன்னார் குவேல், "சுருள் கப்பல்ல இருக்கு. எங்களத்தான் தெரியுமே உங்களுக்கு."

"எனக்குத் தெரியும் சார். கோட்டுக்குத் தெரியாது."

"கத்திய உள்ள போட்டுட்டு, சும்மா நடந்து வந்தா?"

"அப்ப அது சுற்றுலா. அணிவகுப்பு இல்ல."

கூட்டம் முணுமுணுத்தது. ராய்டன் புத்தகத்தைப் புரட்டினார். சுருள் தொலைந்தால், கப்பலுக்கு உரியவர் மட்டுமே அறிந்த செய்தியைச் சொல்லி, ஊரார் ஒருவர் அதற்குச் சாட்சி சொன்னால் போதும் என்று ஒரு பத்தி இருந்தது, அல்லது இருப்பதாக அவர் சொன்னார்.

"ஆல்பி கிம்பரப் பத்தி மூணு விஷயம்," என்றார். "சொல்லுங்க பாப்போம்."

அறுபது பேருக்கும் முகம் மலர்ந்தது. "பீட்ரூட்!" என்று தெரு அதிரக் கத்தினார்கள். "இடது பூட்ஸ்! சீமாட்டி!" கூட்டம் கை தட்டியது.

ராய்டன் மைக்கை எடுத்துக்கொண்டு வெர்னாவிடம் வந்தார். "மிஸஸ் பாஸ்கோ. மூணும் சரியா?"

ஆமாம் என்பது சின்ன வார்த்தை. பதின்மூன்று வருடம் சொல்லிப் பழகிய வார்த்தை. வெர்னா அந்த அறுபது பேரையும் பார்த்தாள். பத்தொன்பது, இருபது, இருபத்தைந்து. அத்தனை பேருக்கும் மூஞ்சி இருந்தது. மூக்கு, காது, சவரம் செய்த காயம், எல்லாம் முழுசாக இருந்தன. ஹோரி மேடையிலிருந்து தலையை மேலும் கீழும் ஆட்டி, ஆமாம் சொல்லு என்று ஜாடை காட்டினார்.

"தெரியாது," என்றாள்.

மைக் கூவியது. ராய்டன் அதைத் தட்டினார். "தெரியாதுன்னா?"

"எனக்கு அவனத் தெரியாது, ராய்டன். நாலு வயசு எனக்கு. பத்திரிகைக்காரன் கேட்டுக்கிட்டே இருந்தான், வாய்க்கு வந்ததச் சொன்னேன். பீட்ரூட் டப்பா மேசைல இருந்துச்சு. கோழி பக்கத்து வீட்டோடது. மூணும் பொய்."

ஒலிபெருக்கி கடைசி வீடு வரை கட்டியிருந்தது. தெருக்கோடியில் சாஸேஜ் சுடுகிறவர் ஒன்றைத் திருப்பிப் போட்ட சத்தம் இங்கே கேட்டது. மேடையில் ஹோரி கண்ணை மூடிக்கொண்டார். ஆறு விருந்துகள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்க்கிற முகம். அறுபது பேரில் யாரும் அசையவில்லை. அசையக் கூடாது என்பதுதான் அவர்களுக்குக் கட்டளை.

ராய்டன் மட்டும் கலங்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார். "மூணு விடையும் தப்பு. உள்ள விட முடியாது."

"ஐயோ, சார்ஜெண்ட்..." என்றார் குவேல்.

"நானா தப்பாச் சொன்னேன்?"

இரண்டு பேர் ஸ்குரூ டிரைவரோடு டெவன்போர்ட்டுக்கு விரட்டப்பட்டார்கள். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், பெயின்டைச் சுரண்டித் திருகாணி கழற்ற எவ்வளவோ. குவேல் ஆட்களை நிற்கும் இடத்திலேயே இளைப்பாறச் சொன்னார். கப்பல் உள்ளே வர முடியாததால் ஊர் கோடு வரைக்கும் போயிற்று. ரொட்டியில் சுருட்டிய சாஸேஜும் லாமிங்டன் கேக்கும் தேநீரும் சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலாகக் கைமாறின. சாஸேஜ் போகலாம், ஆள் வரக் கூடாது என்று ராய்டன் விளக்கம் சொன்னார்.

வெர்னா கோட்டருகே நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகலாம். போகவில்லை. யாராவது வந்து திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். வந்தது சமையற்காரர் ஸ்பட், கப்பலாட்களில் அகலமானவர்.

"நீங்களா அந்தம்மா?" என்றார். "முந்நூத்தி நாப்பது வியாழக்கிழமை. நான் எண்ணி வச்சிருக்கேன். எனக்கு பீட்ரூட்டே ஆகாது, தெரியுமா? வாடையே ஆகாது. மூக்குல துணி கட்டிக்கிட்டுத்தான் வேக வைப்பேன்."

"மன்னிச்சிருப்பா."

"அப்ப ஆல்பிக்கு நெஜமா என்னதான் புடிக்கும்?"

"தெரியாது."

திட்டப்போகிறார் என்று நினைத்தாள். ஸ்பட் தலையாட்டினார். "சரி. தெரியாட்டித் தெரியாது," என்றார். இந்த அறுபத்தோரு வருடத்தில் அந்தப் பதிலை வாங்கிக்கொண்ட முதல் ஆள் அவர்தான். பிறகு குரலைத் தணித்தார். "அப்ப நிறுத்திடலாம்ல? ஒரு வார்த்த சொல்லுங்க, இன்னைக்கே நிறுத்திடுறேன்."

"நிறுத்துவ நீ!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "உன்னத் தூக்கி டார்பிடோக் குழாய்ல போட்டுருவோம், மாப்ள."

"அவரு அளவுக்குக் குழா இல்லடா."

"அந்தம்மாதான் பொய்னு சொல்லிட்டாங்களேடா!" என்றார் ஸ்பட்.

"ஆல்பி சாப்பிட்டானோ இல்லியோ, நாங்க சாப்பிட்டிருக்கோம்ல? முந்நூத்தி நாப்பது தடவ. அது பொய்யா?"

இன்னொருத்தன் மேடையைப் பார்த்துக் கூப்பிட்டான்: "பெரியவரே! நீங்களாவது அவரப் பாத்தீங்களா, இல்ல அதுவும் கதையா?"

ஹோரி கண்ணைத் திறந்தார். ஒரு லாமிங்டனைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். கோட்டின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு தொங்கு படுக்கைச் சமாச்சாரத்தை முழுசாகச் சொன்னார். கையால் வடிவமும் காட்டினார். கப்பலாட்களுக்கு அது பிடித்துவிட்டது. வலது பக்கம் அதிகமாகத் தொங்குமா இடதா என்று கேட்டார்கள். இடது என்றார். அதில் ஒரு மணி நேரம் போயிற்று. மேல் படுக்கையில் தூங்குகிறவன் இனி இடப்புறம் சாய்ந்துதான் படுக்க வேண்டும் என்று இருவர் தீவிரமாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"நீங்க?" என்றான் கோட்டோரம் நின்ற ஒருத்தன், வெர்னாவிடம். "உங்களுக்கு ஒண்ணுகூட இல்லியா?"

"பூட்ஸ்," என்றாள். "மாடிப்படியில எறங்கி வர்ற பூட்ஸ். எந்தக் கால் முதல்லன்னு கேக்காத. கவனிக்கல."

"எப்படி எறங்குவாரு? தடதடன்னா, மெதுவாவா?"

யாரும் அதைக் கேட்டதில்லை. வெர்னா யோசித்தாள். "தடதடன்னு," என்றாள். "கடைசி ரெண்டு படிய மட்டும் தாவிடுவான்." சொன்ன பிறகுதான் அது கதையில்லை என்று அவளுக்கே உறைத்தது. அந்த எண்ணத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். காற்று அடித்தது. கால் மரத்துப்போயிருந்தது.

"குளுருதா? இந்தாங்க," என்று அவன் தன் மேல்கோட்டைக் கழற்றி நீட்டினான். வாங்குவதற்கு ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"மிஸஸ் பாஸ்கோ!" என்றார் ராய்டன். "கோட்டத் தாண்டிட்டீங்க."

"தாண்டுனா என்ன?"

"இனி திரும்பி வரணும்னா அவங்களோடதான் வரணும். அந்தப் பக்கம் இருக்கிறவங்க எல்லாரும் சுருளுக்குக் கட்டுப்பட்டவங்க."

"என் வீடு அந்தத் தெருவுலதான இருக்கு, ராய்டன்."

"எனக்குத் தெரியாதா? உங்க வேலியத் தாண்டி ஆப்பிள் திருடுனவன் நான். இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கு."

ஸ்பட் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். வெர்னா மேல்கோட்டைப் போர்த்திக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். தன் ஊரை இந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்ததில்லை. மேடை, கொடித்தோரணம், இரண்டரை மணி நேரமாகப் போகாமல் நிற்கிற சனம். யாரும் அவளை முறைக்கவில்லை. தபால் நிலையத்துக்காரி கையசைத்தாள். தேநீர் வேண்டுமா என்று ஜாடையில் கேட்டாள்.

சுருள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு ஆகப்போகிற நேரம். திருகாணி நாலு கழன்றுவரவில்லை. அதனால் சட்டத்தோடு சாப்பாட்டறைச் சுவரிலிருந்து ஒரு துண்டுப் பலகையையும் அறுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு பேர் தூக்கிப் பிடித்தார்கள். ராய்டன் கண்ணாடி போட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும் என்றார்.

"நில்! யார் அங்கே?"

"கிம்பர்!" என்றார்கள் அறுபது பேரும். நடுவில் நின்ற வெர்னாவுக்கு அந்தச் சத்தம் முதுகில் மோதியது. அவளும் சொன்னாள். அவள் குரல் தனியாகக் கேட்கவில்லை.

"கடந்து செல்க!"

அவளைப் பின்னால் தனியாக நடக்க விடலாமா, முன்னால் விடலாமா என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் நடுவில் ஓர் இடம் தானாக விலகியிருந்தது. அவளுக்கு வலது முட்டி மடங்காது. மேளம் அடித்தார்கள், கிளம்பினார்கள். நாலே அடியில் அவள் பின்தங்கினாள். பக்கத்தில் நடந்தவன் தன் நடையின் எட்டைக் குறைத்தான். அதைப் பார்த்து அடுத்தவன் குறைத்தான். வரிசை வரிசையாக அந்த மெதுநடை முன்னால் பரவி, கத்தியோடு தலைமையில் போய்க்கொண்டிருந்த குவேலையும் எட்டியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டை மட்டும் பாதியாக்கினார். கடைத்தெரு மொத்தம் முந்நூறு மீட்டர். ஊர் பேண்டுக்காரர்களுக்குத் தெரிந்தது ஐந்து பாட்டு. பாதித் தெருவிலேயே ஐந்தும் தீர்ந்துவிட்டது.

மேடையில் ஹோரி சல்யூட் அடித்த கையை இறக்க முடியாமல் நின்றார். சனங்கள் கை தட்டினார்கள், பிறகு கை வலித்து நிறுத்தினார்கள், பிறகு சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெர்னாவுக்கு அழுகை வரவில்லை. முட்டி வலித்தது. இரண்டு பக்கமும் அறுபது ஜோடி பூட்ஸ், அவளுடைய பழைய பழுப்புச் செருப்பின் வேகத்துக்கு, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன.

"வேகமாப் போறமா?" என்று பக்கத்தில் நடந்தவன் உதட்டை அசைக்காமல் கேட்டான்.

வெர்னா முன்னால் பார்த்தாள். தெருவில் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

"ஆமா," என்றாள். "இன்னும் மெதுவாப் போகச் சொல்லு."